சுவரில் படிந்த கறுப்புக்கு உயிர் உண்டு

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் நாட்களில் தமிழ்நாட்டு வீடுகளின் வெளிச்சுவரைப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே காட்சிதான். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் தலையிலிருந்து கறுப்புக் கோடுகள் இறங்கியிருக்கும். சன்ஷேடுக்கு அடியில் பச்சை படர்ந்திருக்கும். மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிகிற பக்கம் சுவர் முழுக்கவே கறுத்துப்போயிருக்கும். பொங்கலுக்குள் இதைப் போக்கிவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் புறப்படுகிறார். ஒருவர் கழிப்பறைக்கு வாங்கிய ஆசிட்டை எடுத்துவரச் சொல்கிறார். இன்னொருவர் கார் கழுவும் பிரஷர் வாஷரை இரவல் கேட்கலாம் என்கிறார். இரும்பு பிரஷ்ஷே போதும் என்கிறார் பெயின்டர். மூன்றும் கறையை எடுக்கும். கறையோடு சுவரையும் கொஞ்சம் எடுக்கும். அடுத்த மழைக்குக் கறை முன்பைவிட வேகமாகத் திரும்பி வருகிறதே, அதற்குக் காரணம் அந்தக் 'கொஞ்சம்'தான். சொரசொரப்பான சுவரில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நின்ற இடத்தில் பாசி பிடிக்கும்.

கறுப்பைப் புகை என்றும் தூசி என்றும் நினைப்பது இயல்பு. நெடுஞ்சாலையோர வீடுகளில் அதுவும் உண்டு. ஆனால் ஈரம் ஓடுகிற தடத்தில் மட்டும் கோடு கோடாகக் கறுக்கிறது என்றால், அங்கே பெரும்பாலும் குடியிருப்பவை சயனோபாக்டீரியாக்கள். பாடப்புத்தகத்தில் நீலப்பச்சைப் பாசி என்று படித்தோமே, அவைதான். பச்சையாக இருக்க வேண்டியவை ஏன் கறுப்பாகத் தெரிகின்றன? வெயில்தான் காரணம். வெயில் நேரே அடிக்கும் சுவரில் பிழைத்துக் கிடக்க, இவற்றில் பல தம்மைச் சுற்றி வழவழப்பான உறை ஒன்றைச் சுரந்துகொள்கின்றன. அந்த உறையில் சைட்டோனெமின் என்ற பழுப்பு நிறமி சேர்கிறது. புற ஊதாக் கதிர் உள்ளே போகாமல் அது தடுக்கிறது. நிறமி அடர்ந்தால் கறுப்பு. கோடையில் இவை காய்ந்து பொருக்காகி, செத்தவைபோல ஒட்டிக் கிடக்கும். சாகவில்லை. மழை பட்டதும் உறை தண்ணீரை உறிஞ்சி உப்பும், ஒளிச்சேர்க்கை மறுபடி தொடங்கும். மேலே சுரண்டினால் போவது பொருக்கு மட்டுமே. பூச்சின் நுண்துளைகளுக்குள் இறங்கிய செல்கள் அங்கேயே இருக்கும்.

மழை மிகுந்த ஊர்களில் சில சுவர்களில் செம்மண் தெறித்ததுபோல ஆரஞ்சுத் திட்டுகள் தெரியும். பலர் துரு என்று நினைக்கிறார்கள். டிரென்டிபோலியா என்ற பாசி அது. இனத்தால் பச்சைப் பாசிதான். உடலில் நிறைந்திருக்கும் கரோட்டின் பச்சையை மறைத்துவிடுகிறது. சிங்கப்பூரின் கட்டடங்களிலும் இதே பாசிதான் தொல்லை.

அமெரிக்காவில் இந்தச் சிக்கல் கூரையில் வருகிறது. அங்கே பெரும்பாலான வீடுகளின் சரிவுக் கூரை ஆஸ்ஃபால்ட் தகடுகளால் ஆனது. அந்தத் தகட்டில் நிரப்புப் பொருளாகச் சுண்ணாம்புக்கல் தூள் கலந்திருக்கும். கிளியோகாப்சா மாக்மா என்ற சயனோபாக்டீரியா அதில் செழித்து, கூரை முழுக்கக் கறுப்பாக வழிகிறது. ஆனால் புகைபோக்கியைச் சுற்றி துத்தநாகம் பூசிய தகடு அடித்திருந்தால், அதற்கு நேர் கீழே மட்டும் கூரை சுத்தமாக இருக்கும். மழைநீரில் துளித்துளியாகக் கரைந்து வரும் துத்தநாகம் பாசிக்கு நஞ்சு. கறுப்பு வெறும் அழுக்கில்லை, உயிர் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. கூரைத் தகடு தயாரிப்பாளர்களின் சங்கம் அங்கே தரும் அறிவுரையும் இந்த அடிப்படையில்தான். சலவைக்குப் பயன்படும் குளோரின் பிளீச்சும் தண்ணீரும் சரிபாதி கலந்து தெளி, 15 முதல் 20 நிமிடம் விடு, மெதுவான நீரில் அலசு. பிரஷர் வாஷரைக் கூரைக்குக் கொண்டு போகாதே.

ஆக, முதலில் கறை எது என்று தெரிய வேண்டும். அதற்கு ஆய்வகம் தேவையில்லை. ஒரு சொட்டு பிளீச்சைக் கறுப்பின் மேல் விட்டு ஒன்றிரண்டு நிமிடம் பார்த்தால் போதும். நிறம் வெளுத்தால் பாசி அல்லது பூஞ்சை. அப்படியே இருந்தால் தூசி, புகைக்கரி அல்லது உலோகக் கறை. செங்கல் சுவரின் அடிப்பகுதியில் ஓதம் ஏறி வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்பு. அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது வீண். உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும், காய்ந்ததும் வெளியே வரும். வெயில் நாளில் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, தூளைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். ஜன்னல் கம்பிக்குக் கீழே துருக் கோடு என்றால் கம்பிக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை. ஆனால் சன்ஷேடின் அடியிலிருந்தோ பால்கனியின் விளிம்பிலிருந்தோ துரு நிறம் கசிந்தால் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுவது நல்லது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் முறுக்குக் கம்பி துருப்பிடிக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த கேள்வி, சுவர் எது? இதைத்தான் பெரும்பாலோர் கேட்பதே இல்லை.

ஆசிட் விஷயத்தில் இந்தக் கேள்வி உயிர்நாடி. 'ஆசிட், பினாயில்' என்று தெருவில் கூவி விற்கப்படுவது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்புப் பூச்சு, சிமென்ட் பூச்சு, மொசைக், பளிங்கு எல்லாவற்றிலும் கால்சியம் சேர்மங்கள் உள்ளன. அமிலம் பட்டதும் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்து 'அழுக்கு வருகிறது' என்று மகிழ்கிறார்கள். அந்த நுரை கார்பன் டை ஆக்சைடு வாயு. சுவரின் கால்சியம் கார்பனேட் கரைந்துகொண்டிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் 30 சதவீதச் செறிவுள்ள ஒரு லிட்டர் அமிலம் கிட்டத்தட்ட அரைக் கிலோ சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துவிடும். கறை போனது உண்மைதான். அது ஒட்டியிருந்த தரையே போய்விட்டது அல்லவா? மிஞ்சுவது கால்சியம் குளோரைடு. காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் உப்பு. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்குக் காவலாக இருப்பது சிமென்டின் காரத்தன்மை. குளோரைடு உள்ளே இறங்கினால் அந்தக் காவல் உடைகிறது. கடலோர வீடுகளின் பால்கனிகள் சீக்கிரம் வெடித்து உதிர்வதற்குப் பின்னால் இருப்பதும் இந்தக் குளோரைடுதான். உப்புக்காற்று பல வருடம் செய்கிற வேலைக்கு, வீட்டுக்காரரே பாட்டிலில் வாங்கிவந்து உதவ வேண்டியதில்லை.

கல்லிலும் வேறுபாடு உண்டு. கருங்கல் அமிலத்தைத் தாங்கும். பார்வைக்கு அதைப்போலவே கறுப்பாக இருக்கும் கடப்பைக்கல் தாங்காது, ஏனென்றால் அது சுண்ணாம்புக்கல் வகை. ஐயமிருந்தால் கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுத் துடைத்துப் பார்க்கலாம். பளபளப்பு மங்கினால் அந்தக் கல்லுக்கு எந்த அமிலமும் ஆகாது. செட்டிநாட்டுத் திண்ணைகளில் பதித்த ஆத்தங்குடிக் கல்லும் அப்படியே. சூளையில் சுட்ட டைல் இல்லை அது. கண்ணாடியின் மேல் வண்ணச் சிமென்டை ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து இறுக்கியது. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. அமிலம் அதை ஒரே கழுவலில் தின்றுவிடும், திரும்பக் கொண்டுவர வழியில்லை.

பிரஷர் வாஷருக்கு வருவோம். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு பார் அழுத்தம் தரும். ஆகவே மாடி வீட்டின் தொட்டியிலிருந்து கீழ்க்குழாய்க்கு வரும் தண்ணீரின் அழுத்தம் ஒரு பாரைத் தாண்டுவதே அரிது. வீட்டு உபயோகப் பிரஷர் வாஷர் 100 பாருக்கு மேல் பீய்ச்சும். நூறு மடங்கு. மனிதத் தோலைத் துளைக்க 7 பார் அளவே போதும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். நீர்த்தாரை விரலில் பட்டால் ஊசி குத்தியதுபோல ஒரு சிறு துளை மட்டும் தெரியும். உள்ளே தண்ணீரும் அழுக்கும் தசைநாண் வரை போயிருக்கும். அது கைக்குட்டை கட்டிச் சமாளிக்கிற காயமில்லை, உடனே அறுவை சிகிச்சை மருத்துவரிடம் போக வேண்டிய காயம்.

இந்தக் கருவியைக் குறை சொல்வதற்கில்லை. 2005இல் அமெரிக்காவின் ரஷ்மோர் மலையில் செதுக்கப்பட்ட நான்கு ஜனாதிபதிகளின் முகங்களை ஜெர்மனியின் கார்ச்சர் நிறுவனம் கழுவியது. ரசாயனம் எதுவும் சேர்க்காமல், சூடான நீரை உயர் அழுத்தத்தில் பீய்ச்சிப் பாறைப்பாசியைப் போக்கினார்கள். ஆனால் அது மலை, கிரானைட். வீட்டின் வெளிப்பூச்சோ ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள சிமென்ட், அதில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள். அழுத்தத் தண்ணீர் விரிசலில் புகுந்து பூச்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவே தங்கும். பத்து நாள் கழித்து வீட்டுக்குள் பெயின்ட் உப்பும்போது, வெளியே கழுவியதையும் இதையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. மங்களூர் ஓட்டுக் கூரையில் நிலைமை இன்னும் மோசம். 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து பரவிய இந்த ஓடுகள், மேலிருந்து கீழே வழியும் மழைக்காக ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி அமைக்கப்படுபவை. கீழிருந்து மேல்நோக்கிப் பீய்ச்சினால் தண்ணீர் நேராகப் பரணுக்குள் போகும்.

வெளிச்சுவருக்குப் பூசும் எமல்ஷனிலேயே பாசியைத் தடுக்கும் ரசாயனம் கலந்திருக்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அது மழையில் மெல்ல மெல்லக் கசிந்துதான் வேலை செய்கிறது. வருடா வருடம் அழுத்தத் தண்ணீரால் உரசிக் கழுவுகிற வீட்டில் அந்தக் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். 'போன வருஷம்தான் பெயின்ட் அடித்தோம், அதற்குள் பாசி' என்ற புலம்பலில் பெயின்ட் நிறுவனத்தின் பங்கு எவ்வளவு, கழுவியவரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது எளிதல்ல.

எந்திரம் வேண்டியே தீரும் என்றால் சிமென்ட் தரை, கருங்கல் படி போன்றவற்றுக்கு அகல விசிறி முனையைப் பொருத்தி, ஓரடிக்குக் குறையாமல் தள்ளி நின்று, சாய்வாகப் பீய்ச்சலாம். சுவருக்கும் ஓட்டுக்கும் சாதாரண ஹோஸும் நைலான் பிரஷ்ஷுமே போதும்.

பலத்தை நம்பிக் கெட்டதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. கோயில் திருப்பணிகளில் எண்ணெய்ப் பிசுக்கையும் பழைய சுண்ணாம்பையும் போக்க, ஒரு காலத்தில் மணலை அழுத்தக் காற்றில் வீசியடித்தார்கள். கல் பளிச்சென்று ஆனது. கல்வெட்டு எழுத்துகளும் சிற்பங்களின் நுண்வேலையும் சேர்ந்து தேய்ந்தன. ஆய்வாளர்களும் பக்தர்களும் எதிர்த்த பிறகே அந்த முறைக்குத் தடை வந்தது. அமெரிக்காவிலும் செங்கல் வீடுகளை இப்படித்தான் 'புதுப்பித்து' வந்தார்கள். சூளையில் வெந்த செங்கல்லின் மேல்தோல்தான் கடினமானது; மணல் அதை உரித்துவிட்டால் உள்ளிருக்கும் மென்மையான பகுதி மழையைக் குடிக்கத் தொடங்கும். 1979இல் அந்நாட்டுத் தேசியப் பூங்காத் துறை இதன் ஆபத்தை விளக்கித் தனிக் கையேடே வெளியிட்டது. மணல் வீசுபவரின் நுரையீரல் படும் பாடு வேறு. சிலிக்காத் தூசி உண்டாக்கும் சிலிகோசிஸ் நோய்க்காகவே, வார்ப்பட ஆலைகளில் மணல் வீச்சைப் பிரிட்டன் 1949இலேயே தடைசெய்துவிட்டது.

அப்படியானால் பாசிக்கு எதுதான் சரி? அதைக் கொன்றுவிட்டுக் காத்திருப்பதுதான். பிளீச்சிங் பவுடர் இதற்குப் போதும். 33 சதவீதக் குளோரின் உள்ள பவுடரில் 30 கிராம் எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் பிளாஸ்டிக் வாளியில் கலக்கினால், ஏறக்குறைய ஒரு சதவீதக் குளோரின் கரைசல் கிடைக்கும். அடியில் வெள்ளை வண்டல் தங்கிய பிறகு தெளிந்த நீரை மட்டும் எடுக்க வேண்டும். அது செல்லின் புரதத்தையும் நிறமியையும் சிதைக்கிறது. மாலையில் வெயில் தாழ்ந்ததும் தடவி, கால் மணி நேரம் விட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து அலசலாம். உச்சி வெயிலில் தடவினால் வேலை முடியும் முன்பே காய்ந்து போகும், குளோரினும் சிதைந்துவிடும். சுவரோரச் செடிகளை முன்பும் பின்பும் தண்ணீரில் நனைத்துவிட வேண்டும். அலுமினிய ஜன்னல் சட்டத்தில் பட்டால் உடனே கழுவ வேண்டும். வண்ணச் சுவர் வெளுக்கக்கூடும் என்பதால் ஒரு மூலையில் தடவிப் பார்த்துத் தொடங்குவது உத்தமம். இதுவும் கொஞ்சம் உப்பை விட்டுச் செல்லும் என்பதால் நன்றாக அலச வேண்டும். போர்வெல் தண்ணீர் கடினமாக இருக்கும் ஊர்களில் அலசல் நீரே வெள்ளைத் திட்டுகளை விட்டுப் போகும்; கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் கிடைத்தால் நல்லது.

இந்த வேலையில் உயிருக்கே உலை வைக்கும் தவறு ஒன்று உண்டு. பிளீச் சரியாகக் கேட்கவில்லை என்று அதன்மேல் ஆசிட்டை ஊற்றுவது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் ஜெர்மன் படை திறந்துவிட்டது இந்த வாயுவைத்தான். காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது என்பதால் மாடிப்படி அடியிலும் இரு வீட்டுச் சந்திலும் தேங்கி நிற்கும். அமோனியா கலந்த கண்ணாடி துடைப்பானோடு பிளீச் சேர்ந்தாலும் நச்சு வாயுதான். மூக்கு எரிந்தால் வாளியைக் காப்பாற்றப் பார்க்கக் கூடாது. ஆளைத் திறந்த வெளிக்குக் கொண்டுவர வேண்டும். கண்ணில் தெறித்திருந்தால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவி, மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எண்ணெய்க் கறைக்கு இந்த வழி எதுவும் பலிக்காது. கார் நிறுத்தும் இடத்தில் கடப்பைக்கல்லில் ஆயில் ஊறிவிட்டால் அதை உறிஞ்சி எடுக்கத்தான் வேண்டும். தாஜ்மகாலின் மஞ்சள் படிவைப் போக்க இந்தியத் தொல்லியல் துறை 1994 முதல் செய்துவருவதும் அந்த வகை வேலையே. முல்தானி மிட்டியைக் குழைத்துப் பளிங்கின் மேல் அப்பி, காய்ந்தபின் சுத்தமான நீரால் கழுவுகிறார்கள். களிமண்ணின் நுண்துகள்கள் காயக்காய அழுக்கைத் தம்பக்கம் இழுத்துக்கொள்கின்றன. வீட்டிலும் அதே மண்ணை அப்பி ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம். ஒரே தடவையில் போகாது, மறுபடி அப்ப வேண்டியிருக்கும்.

பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த தலைமுறையை இன்று பலர் பின்பற்றுவதில்லை. வேதியியல் கண்ணோடு பார்த்தால் அது வெறும் அலங்காரமாக இருக்கவில்லை. நீற்றிய சுண்ணாம்பின் பி.எச். அளவு 12க்கு மேல். அந்தக் காரத்தில் பாசியும் பூஞ்சையும் தாங்காது. பிறகு அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்று மெல்லிய சுண்ணாம்புக்கல் படலமாக இறுகும், சுவரின் ஈரம் வெளியேறவும் வழிவிடும். சுத்திகரிப்பு, கிருமிநீக்கம், பூச்சு மூன்றும் ஒரே மட்டையடியில் முடிந்தன. பழைய சுண்ணாம்புச் சுவருக்கு இன்றும் இதைவிடப் பொருத்தமானது இல்லை. எமல்ஷன் அடித்த சுவரில் ஒட்டாது என்பதையும், கண்ணில் பட்டால் கருவிழியைச் சுட்டுவிடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

தொடாமல் விடுவதே நல்லது என்ற இடங்களும் உண்டு. பழைய கல்நார் சிமென்ட் கூரை, பேச்சுவழக்கில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், நாள்பட நாள்பட மேற்பரப்பில் நார்களை வெளிக்காட்டும். அதை இரும்பு பிரஷ்ஷால் தேய்த்தாலோ அழுத்தத் தண்ணீரால் கழுவினாலோ புற்றுநோய் தரும் நார்கள் காற்றிலும் அக்கம்பக்கத்து முற்றத்திலும் பரவும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் அந்தப் பொருளின் மேல் உயர் அழுத்த நீரைப் பயன்படுத்துவதே சட்டவிரோதம். பழைய கேட், ஜன்னல் கம்பிகளின் எனாமலை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்ப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டு, நனைத்துத் தேய்த்து, தூளைச் சேகரித்து அப்புறப்படுத்துவதே குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஏற்றது.

இவ்வளவும் செய்தும் அதே இடத்தில் அதே கோடு திரும்பி வந்தால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பல வீடுகளில் சன்ஷேடின் அடிவிளிம்பில் ஒரு சிறு பள்ளக்கோடு விடாததால், நீர் சொட்டாமல் அடிப்பக்கமாக ஊர்ந்து சுவருக்கே வருகிறது. கைப்பிடிச் சுவரின் தலைச் சரிவு வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் மாடித் தூசியெல்லாம் கலந்த நீர் முகப்பில் வழியும். உள்பக்கம் சாய்த்தால் மாடியிலேயே வடியும். தொட்டிக்கு ஒரு மிதவை வால்வு. கொத்தனாருக்கு அரை நாள் வேலை இது.

பாசி போன சுவருக்கு உடனே பெயின்ட் அடிக்க எல்லாருக்கும் அவசரம். உள்ளே ஈரம் இருந்தால் புதுப் பூச்சு கொப்புளித்து உரியும். ஒன்றரை அடிச் சதுரமாக ஒரு பாலித்தீன் தாளை வெட்டி, நான்கு விளிம்பும் காற்றுப் புகாதபடி டேப்பால் சுவரில் ஒட்டி, சாயங்காலம் முதல் மறுநாள் காலை பத்து மணி வரை விட்டால் விஷயம் தெரிந்துவிடும். தாளின் உள்பக்கத்தில் நீர்த்துளி கட்டியிருந்தால் பெயின்டரை இன்னும் ஒரு வாரம் கழித்து வரச் சொல்லலாம்.